ஏழாவது மணை

"தம்பி, பாப்பாவுக்கு வளையல் சைஸ் என்னப்பா?"

ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்த பிரசன்னா அங்கேயே நின்றுவிட்டான். கீழே வீட்டுக்காரம்மா தாயம்மாள் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பாப்பாவுக்கும்மா?"

"நல்லா கேட்ட போ. உன் பொண்ணு தாரிணிக்குத்தான். வேற எந்தப் பாப்பாவை உன்கிட்ட கேக்கப் போறேன்?"

பிரசன்னாவுக்கு வயது இருபத்தேழு. பெண்ணும் கிடையாது, பெண்ணைப் பெற்றுத் தர மனைவியும் கிடையாது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"மீடியம்" என்றான்.

"வளையல்ல மீடியம் ஏது? கை எவ்ளோ இருக்கும், காட்டு."

பிரசன்னா கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டான். அது அவன் கைக்கே போதுமானதாக இருந்தது. தாயம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து வட்டத்தைச் சுருக்கினான். சுருங்கிச் சுருங்கி மோதிர அளவுக்கு வந்ததும் பயந்துபோய் மறுபடி கொஞ்சம் விரித்தான்.

"ஹவ், ஏழு வயசுப் பொண்ணுக்கு அவ்ளோதான் இருக்கும்" என்று ஹைதராபாத் வழக்கில் ஆமாம் போட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள் தாயம்மாள். "சனிக்கிழமை அஷ்டமி. நம்ம வீட்டுல குமாரி பூஜை. ஏழாவது மணையில தாரிணிதான் உட்காரணும். தாயையும் பொண்ணையும் வரச் சொல்லிடு."

அன்று திங்கட்கிழமை.

பிரசன்னா பொய் சொல்லிப் பழகியவன் இல்லை. மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். பாளையங்கோட்டையிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் வீடு தேடி பதினோரு கதவுகளைத் தட்டினான். பதினோரு கதவுகளுக்குப் பின்னாலிருந்தும் ஒரே கேள்வி வந்தது. "பேச்சிலரா?" ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அமீர்பேட்டையில் ஒரே அறையில் ஏழு பேரோடு எட்டாவது ஆளாகப் படுத்தான். குளியலறை ஒன்றுதான். வரிசையில் நின்று குளித்து ஆபீஸ் போவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

அப்போதுதான் வீட்டு புரோக்கர் அய்யாக்கண்ணு கிடைத்தார்.

"சார், இந்த ஊர்ல வீடு வேணும்னா மொதல்ல பொண்டாட்டி வேணும்" என்றார் அவர். "ஒரு பொம்பளைப் புள்ளையும் இருந்துச்சுன்னா எந்தக் கதவும் தொறக்கும்."

"அதுக்கெல்லாம் நான் எங்க போறது?"

"நீங்க எங்கயும் போக வேணாம். ஊர்ல இருக்காங்கன்னு சொல்லுங்க, போதும்."

மல்காஜ்கிரியில், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உலகநாதனின் வீட்டு மாடி போர்ஷன் அப்படித்தான் கிடைத்தது. இரண்டு அறை, காற்றோட்டமான பால்கனி, எந்நேரமும் தண்ணீர், அதைவிட முக்கியமாக அவனுக்கே அவனுக்கென்று ஒரு குளியலறை. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் குளித்த முதல் நாள் பிரசன்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டை எந்தக் காரணத்துக்காகவும் விடுவதில்லை என்று ஈரத் தலையோடு முடிவு செய்தான்.

அதனால் பொய்யை நன்றாகவே வளர்த்தான். மனைவி பெயர் கிரிஜா. அரசுப் பள்ளி டீச்சர். ஹைதராபாத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலிருந்து வேறு மாநிலத்துக்கு யார் டிரான்ஸ்ஃபர் கொடுப்பார்கள் என்று உலகநாதனும் கேட்கவில்லை, தாயம்மாளும் கேட்கவில்லை. மகள் பெயர் தாரிணி. அதற்கு அத்தாட்சியாக மேசை மேல் ஒரு போட்டோ. பெயரும் போட்டோவும் அவனுடைய அக்கா மகளுடையவை. கிரிஜா என்பதே அக்கா பெயர்தான். அவசரத்துக்கு வேறு பெண் பெயர் எதுவும் அவன் வாயில் வரவில்லை.

பதினோரு மாதம் பொய் சொகுசாக ஓடியது. இப்போது வளையல் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது.

தாயம்மாளின் குமாரி பூஜை சாதாரண விஷயமில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் உலகநாதனுக்கு நெஞ்சுவலி வந்து மூன்று நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தாயம்மாள் வேண்டிக்கொண்டாள். மனிதர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். அதிலிருந்து வருஷா வருஷம் நவராத்திரி அஷ்டமியன்று ஒன்பது சிறுமிகளை அழைத்து, மணையில் உட்காரவைத்து, காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, அம்பாளாகவே நினைத்துக் கும்பிட்டு, பூரியும் சுண்டலும் கேசரியும் படைப்பாள். ஒன்பது பேரும் ஒரே வயதாக இருந்தால் போதாது. இரண்டு வயதுக் குழந்தை முதல் பத்து வயதுச் சிறுமி வரை வயதுக்கு ஒருத்தி வேண்டும். இரண்டு வயது என்றால் குமாரி, ஏழு வயது என்றால் சண்டிகா என்று ஒவ்வொரு வயதுக்கும் அம்பாளுக்கு ஒரு பெயர் உண்டாம். மணைகளை மட்டும் அவள் வயதைச் சொல்லியே கூப்பிடுவாள். இரண்டாவது மணையில் தொடங்கி பத்தாவது மணையில் முடியும்.

"இதுவரைக்கும் ஒரு வருஷம்கூட ஒரு மணை காலியா இருந்ததில்ல" என்று அடிக்கடி சொல்வாள்.

ஆபீஸ் போனதும் பிரசன்னா முதல் வேலையாக அக்காவுக்கு போன் போட்டான்.

"ஏல, என்னல சொல்லுத?" என்றாள் கிரிஜா. "புள்ளைக்குக் கால் பரீட்ச நடக்கு. அத விட்டுட்டு ஒனக்கு மவளா நடிக்க ஐதராபாத்துக்கு வரணுமாக்கும்?"

"ஒரே ஒரு நாள்தான்க்கா."

"நான் ஒனக்குப் பொண்டாட்டியா வேற வரணுமோ? ஒங்க அத்தான் காதுல விழுந்துச்சுன்னா என்ன ஆவும் தெரியுமா? மொதல்ல ஒரு கல்யாணத்தப் பண்ணுல. புள்ள அதுபாட்டுக்கு வரும்."

சனிக்கிழமைக்குள் கல்யாணமும் செய்து ஏழு வயதுப் பெண்ணும் பெற முடியாது என்று அவளுக்கு விளக்கப் பார்த்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பிரசன்னா ஒரு முடிவோடு படி இறங்கினான். முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டான்.

"அம்மா, தாரிணி வர முடியாது போலிருக்கு. அவளுக்கு அம்மை போட்டிருக்கு."

அம்மை என்றால் யாரும் கிட்டே சேர்க்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. தாயம்மாள் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"ஆத்தா! தாயே! ஏங்க, இங்க வாங்க! நம்ம தாரிணிகிட்ட ஆத்தாவே வந்துட்டா!"

உள்ளேயிருந்து உலகநாதன் ஓடி வந்து என்ன ஏதென்று தெரியாமலேயே அவரும் கும்பிட்டார்.

"தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா தம்பி?" என்று கேட்டாள் தாயம்மாள்.

பிரசன்னாவுக்கு இந்தச் சம்பிரதாயமெல்லாம் தெரியாது. பெற்ற குழந்தையைக் குளிப்பாட்டாமல் விட்டிருக்கிறானே என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று பயந்தான்.

"ஊத்தியாச்சும்மா. தினமும் ரெண்டு வேளை."

"தண்ணி ஊத்தியாச்சா! அப்ப எறங்கிட்டா. இனிமே ஒண்ணும் பயமில்ல." தாயம்மாளுக்குச் சந்தோஷத்தில் குரல் தழுதழுத்தது. "ஆத்தா வந்து எறங்கின புள்ளை என் வீட்டு மணையில உட்காரப் போவுது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்? சீட்டிப் பாவாடை எடுக்கலாம்னு இருந்தேன். நக்கோ, அது வேணாம். பட்டுப் பாவாடை எடுக்கிறேன்."

சாயங்காலம் அவன் திரும்பி வருவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் அவன் கையில் ஒரு கொத்து வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கொடுத்து, ஊருக்கு அனுப்பிவைக்கச் சொன்னாள்.

புதன்கிழமை அவன் வேறு வழி பிடித்தான். இந்த முறை உலகநாதனிடம் போனான்.

"சார், அவங்க வரத்தான் ஆசைப்படுறாங்க. டிக்கெட்தான் இல்ல. வெயிட்டிங் லிஸ்ட் இருநூறுக்கு மேல."

முப்பத்து மூன்று வருஷம் ரயில்வேயில் இருந்தவரிடம் போய் டிக்கெட் இல்லை என்று சொல்லலாமா? சொன்னான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த உலகநாதன் பேப்பரை மடித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஒரு வேலை வந்து அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

"கைக்கு? ஏன்ப்பா இதை மொதல்லயே சொல்லலே? எந்த வண்டி?"

"மெட்ராஸ் வண்டி சார்."

"பி.என்.ஆர். நம்பர் குடு."

"ஆபீஸ்ல இருக்கு சார்."

ஆபீஸில் எந்த நம்பரும் இல்லை. நம்பர் வேண்டும் என்பதற்காகவே கிரிஜா, தாரிணி என்ற பெயர்களில் சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை வண்டிக்கு நிஜமாகவே இரண்டு டிக்கெட் போட்டான். வெயிட்டிங் லிஸ்ட் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. பண்டிகை நேரத்தில் அது எந்த ஜென்மத்திலும் கிடைக்காது என்ற நிம்மதியில் நம்பரை உலகநாதனிடம் கொடுத்துவிட்டு அன்று நன்றாகச் சாப்பிட்டான். வியாழக்கிழமையும் நன்றாகவே சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் அவன் செல்போன் அடித்தது.

"கன்ஃபர்ம் ஆயிடுச்சுப்பா! ஆளைப் பிடிச்சு ரயில்வே கோட்டாவுல போட வெச்சுட்டேன்!" உலகநாதனின் குரல் பக்கத்து சீட்டு வரைக்கும் கேட்டது. "எஸ் ஆறு, இருபது, இருபத்தொண்ணு. கீழ் பெர்த் ஒண்ணு. டி.டி.இ. நம்ம ராமச்சந்திரன்தான். அம்மை வந்து எறங்கின புள்ளை, பத்திரமா கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்கேன். வண்டி கெளம்பினதும் எனக்கு போன் பண்ணுவான்."

தீபாவளிக்கு ஊருக்குப் போக ஒரு தடவையாவது டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாதா என்று ஏங்கியவன் பிரசன்னா. இல்லாத பெண்டாட்டிக்குக் கீழ் பெர்த் கிடைத்திருக்கிறது என்று கேட்டபோது அழுகைதான் வந்தது.

பக்கத்து சீட்டு ஃபெலிக்ஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். விஷயம் முழுவதையும் கேட்டான். சிரிக்கவேண்டிய அளவு சிரித்து முடித்தான்.

"ஏன் மச்சான் இதைப் போய் இவ்வளவு நாள் மறைச்சே? என் பொண்ணுக்கு ஏழு வயசுதான். கூட்டிட்டுப் போ. ஒரு மணி நேரம்தானே?"

"நீங்க கிறிஸ்டியன் ஆச்சே, ஃபெலிக்ஸ்? ஆக்னஸ் ஒத்துக்குவாங்களா?"

"நான் பேசுறேன். எங்க குஷாய்குடா வீட்டுலேருந்து மல்காஜ்கிரி பக்கம்தான்." ஃபெலிக்ஸ் அங்கேயே மனைவியை ஸ்பீக்கரில் கூப்பிட்டான். "ஆக்னஸ், நாளைக்குக் காலையில நம்ம பாப்பாவை ஒரு பூஜைக்கு அனுப்பலாமா?"

"நாளைக்கா? அவ ஃப்ரீயா இல்லீங்களே" என்றாள் ஆக்னஸ்.

"ஸ்கூல் லீவுதானே? எங்க போறா?"

"பூஜைக்குத்தான். நம்ம ஃபிளாட்ல அத்தனை பேரும் புக் பண்ணியாச்சு. ஆறு மணிக்கு இருநூத்தி ஒண்ணு. ஆறே முக்காலுக்கு முந்நூத்தி நாலு. ஏழரைக்கு மாடியில மார்வாடி வீடு. ஒன்பதுக்கு செக்ரெட்டரி வீடு."

ஃபெலிக்ஸ் போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். "நாம கிறிஸ்டியன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"நானும் சொன்னேங்க. பொண்ணா இருந்தா போதும்னுட்டாங்க. நாளைக்கு மட்டும் இந்த ஊர்ல பொம்பளைப் புள்ளைங்களுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. போன வருஷம் நாலு டிபன் பாக்ஸும் ஆறு பென்சில் டப்பாவும் வந்துச்சே, மறந்துட்டீங்களா? அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

ஃபெலிக்ஸ் போனை வைத்துவிட்டு நாற்காலியைத் தன் இடத்துக்கே உருட்டிக்கொண்டு போனான்.

மாலை ஆறு மணிக்கு பிரசன்னா, மல்காஜ்கிரி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வாசலில் அய்யாக்கண்ணுவைப் பிடித்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு செல்போனும்தான் அவருடைய ஆபீஸ்.

"நீங்க சொல்லித்தானே பொண்டாட்டி புள்ளைன்னு சொன்னேன்? இப்ப புள்ளையைக் காட்டுங்கறாங்க. நீங்கதான் இதுக்கு வழி சொல்லணும்."

அய்யாக்கண்ணு கொஞ்சமும் பதறவில்லை. "எந்த மணை?"

"ஏழு."

"கைக்கு டென்ஷன் சார்? நம்ம பொண்ணு மௌனிகா ரெண்டாங்கிளாஸ் படிக்குது. ஏழு வயசு. நாளைக்கு அதுக்கு ஆறு வீடு இருக்கு. கவுன்சிலர் வீட்டம்மா ஆள் அனுப்பிக் கேட்டாங்க, டைம் இல்லைன்னுட்டேன். ஆனா நீங்க நம்ம பார்ட்டி. நான் குடி வெச்ச வீட்டுலேருந்து ஆளு வெளிய வந்தா அப்புறம் இந்த ஏரியாவுல என் பேரு என்ன ஆவறது? ஒன்பது மணி உங்களுக்கு."

"அவங்ககிட்ட தாரிணி போட்டோவைக் காட்டியிருக்கேனே. முகம் வேற மாதிரி இருக்குமே?"

"அம்மை வந்த முகம் சார். மாறத்தான் மாறும்."

தான் சொன்ன பொய்களில் ஒன்றாவது உதவிக்கு வருகிறதே என்று பிரசன்னாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது உலகநாதன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ராமச்சந்திரன் போன் பண்ணான். இருபது, இருபத்தொண்ணு ரெண்டும் காலியா வருதாம். என்னப்பா சமாச்சாரம்?"

பிரசன்னாவின் மூளை அந்த நிமிஷத்தில் ஓடிய வேகத்தில் ஆபீஸில் ஓடியிருந்தால் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பான்.

"கிரிஜாவுக்குக் கடைசி நிமிஷத்துல லீவு குடுக்கலே சார். தாரிணியை எங்க மாமா பஸ்ல கூட்டிட்டு வர்றார். காலையில நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம் சார்!"

சொன்ன வேகத்தில் அவர் ஒரு அடி பின்வாங்கினார். உள்ளேயிருந்து தாயம்மாள் குரல் கொடுத்தாள். "எதுல வந்தா என்னங்க? ஒன்பது மணிக்குப் புள்ளை மணையில இருக்கணும். அவ்ளோதான்."

சனிக்கிழமை எட்டரை மணிக்கு அய்யாக்கண்ணுவின் ஸ்கூட்டர் ரயில்வே கேட் அருகே வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து மௌனிகா குதித்து இறங்கினாள். அதற்குள் மூன்று வீட்டில் அம்பாளாக இருந்துவிட்டு வந்திருந்தாள். நெற்றியில் மூன்று அடுக்குக் குங்குமம். கணுக்கால் வரை மஞ்சள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல்.

ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த குழந்தை இப்படியா இருக்கும்? பிரசன்னா கைக்குட்டையை நனைத்து அவள் நெற்றியைத் துடைத்தான். வளையல்களை எண்ணி எண்ணிக் கழற்றி அவள் பைக்குள் போட்டான். காலில் இருந்த மஞ்சள் மட்டும் போகவே மாட்டேன் என்றது.

ஆட்டோவில் ஏறியதும் மௌனிகா கண்டிப்பாகச் சொன்னாள்.

"அங்கிள், பூரி மட்டும் சாப்பிடச் சொல்லாதீங்க. வயிறு ஃபுல்."

"அங்கிள் இல்லம்மா. டாடி."

"ஓகே டாடி."

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்.

"உன் பேரு என்ன?"

"தாரிணி."

"ஊரு?"

"பாளையங்கோட்டை."

அவன் கம்பெனி எச்.ஆருக்கு ஒரு வருஷமாக வாயில் நுழையாத ஊர்ப் பெயர் அது.

"அம்மா ஏன் வரல?"

"கிரிஜா டீச்சருக்கு லீவு குடுக்கலே டாடி. பாவம்." கடைசி வார்த்தையை அவளே சேர்த்துக்கொண்டாள்.

பெயர்தான் மௌனிகா. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். எந்த வீட்டில் கேசரி நன்றாக இருந்தது, எந்த வீட்டில் போன வருஷத்துப் பென்சில் டப்பாவையே மறுபடி கொடுத்தார்கள், எந்த வீட்டில் ஜில்லென்ற தண்ணீரில் காலைக் கழுவினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரசன்னாவின் காதில் ஒன்றும் விழவில்லை. அவனுக்கு அமீர்பேட்டை அறையும் அந்தக் குளியலறை வரிசையும்தான் கண் முன்னால் நின்றன.

வீட்டில் கூடம் முழுக்கக் கோலம் போட்டு ஒன்பது மணைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எட்டுச் சிறுமிகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தை தன் மணை வேண்டாம், பத்து வயதுக்காரியின் மணைதான் வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தது. ஏழாவது மணை மட்டும் காலி.

தாயம்மாள் வாசலுக்கே வந்து சிறுமியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"வா தாயே. வந்துட்டியா? ஒரு தழும்புகூட இல்லியே. எல்லாம் அவ செயல்."

உலகநாதன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பஸ்ல சௌகரியமா வந்தியாம்மா?"

"ஹவ், தாத்தா" என்றாள் மௌனிகா.

பிரசன்னா சட்டென்று இருவருக்கும் நடுவே வந்து நின்றான். எந்தப் பாளையங்கோட்டைக் குழந்தை ஹவ் என்று சொல்லும்?

"நான்தான் சார் போன்ல சொல்லிக் குடுத்தேன்" என்றான் அவசரமாக. "இங்க வந்து பழகணும் இல்லையா?"

"நல்லாத்தான் பழகியிருக்கா" என்றார் உலகநாதன்.

பூஜை தொடங்கியது. தாயம்மாள் ஒவ்வொரு மணையாக நகர்ந்து, பித்தளைத் தாம்பாளத்தில் சிறுமிகளின் காலை வைத்துக் கழுவினாள். ஏழாவது மணைக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"பெத்தவன் நீயும் வாப்பா. ஒரு சொம்பு நீயும் ஊத்து."

பிரசன்னா முட்டி போட்டு உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினான். தாயம்மாள் இன்னும் மஞ்சளைத் தொடவே இல்லை. ஆனால் தாம்பாளத்தில் தண்ணீர் மஞ்சளாக ஓடியது. பக்கத்தில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா!" என்றாள் தாயம்மாள் பெண்களைப் பார்த்து. "ஆத்தா வந்த கால்!"

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மௌனிகா முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

தாயம்மாள் அந்தச் சிறுமியின் காலில் நெற்றியை வைத்தாள். எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். "இவரை எனக்குத் திருப்பிக் குடுத்தே. இந்த வருஷமும் ஒன்பது மணையும் நெறஞ்சு போச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தாயே" என்றாள். பின்னால் உலகநாதன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிரசன்னா சொம்பைக் கீழே வைத்தான். வீடு கிடைக்க வேண்டும் என்று சொன்ன பொய் ஒரு மனுஷியின் வேண்டுதலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. புருஷன் உயிருக்காக வேண்டிக்கொண்டவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பூஜை நடுவுல பேச்சு நக்கோ. கும்பிடு."

கும்பிட்டான். தாயே, நான் பொய்யன், என்னை மன்னித்துவிடு, முடிந்தால் இந்த வீட்டிலேயே இருக்க விடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். மௌனிகா பழகிய கையால் அவன் தலையில் அட்சதையைப் போட்டு, உள்ளங்கையை ஒரு நிமிஷம் அங்கேயே வைத்திருந்தாள். அந்த ஒரு நிமிஷம் அது புரோக்கர் மகளின் கை என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

சாப்பாடு முடிந்தது. ஒவ்வொருத்திக்கும் வளையல், ரிப்பன், பென்சில் டப்பா, வெற்றிலை பாக்குத் தட்டு. ஏழாவது மணைக்கு மட்டும் அரக்குப் பட்டுப் பாவாடை. அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. மௌனிகாவுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

பிரசன்னா முடிவு செய்துவிட்டான். இன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொன்னாலும் சரி, அமீர்பேட்டையில் ஒன்பதாவது ஆளாகப் போய்ப் படுத்தாலும் சரி, இனி இந்த அம்மாளிடம் பொய் சொல்வதில்லை. மௌனிகாவை வாசலில் செருப்பு மாட்ட விட்டுவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாயம்மாள் முன்னால் போய் நின்றான்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பொண்ணு வந்து..."

அவன் முடிக்கவில்லை. வலது கால் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்த மௌனிகா தலையை நிமிர்த்தி, அவனைத் தாண்டித் தாயம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அடுத்த வருஷம் எட்டாவது மணைக்கும் இதே டாடிதானா, இல்ல இங்க அஞ்சாவது, ஆறாவது மணைக்கு வந்தப்ப மாதிரி வேற டாடியா?"